மகளின் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு. என்ன செய்வது?

நொய்யல்கரை | திங்கள், இரவு 11.40

வணக்கம். நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். மகள் பத்தாவது படிக்கிறாள்.

பத்து நாளாக மதிய டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. கேட்டால் 'பசிக்கல' என்பாள். பரீட்சை பயம் என்று நினைத்தேன். நேற்று ட்யூஷனுக்குக் கிளம்பியவள், செருப்பை மாட்டிய பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு, இருட்டில்தான் சொன்னாள்.

பள்ளி ஆண்டு விழாவில் பாடினாள். மேல் ஸ்தாயியில் கண் மூடி வாய் திறந்திருந்த நேரத்தில் யாரோ படம் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கராகச் செய்திருக்கிறார்கள். கீழே 'ஆ' என்று ஓர் எழுத்து. பிள்ளைகள் நடத்தும் வகுப்புக் குரூப்பில் யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால் பதிலுக்கு அவள் முகம். கிரிக்கெட்டில் தோற்றால் அவள் முகம். இது போதாதென்று, பள்ளிப் பெயரில் ஒரு கன்ஃபெஷன் பேஜ். யார் எழுதுகிறார்கள் என்றே தெரியாது. அதில் அவள் நிறத்தை வைத்து ஒரு பதிவு, பெயர் போடாமல் 'நம்ம ஆ' என்று. 47 கமெண்ட். பன்னிரண்டுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். 'அம்மா, போனை மட்டும் வாங்கிடாதே.' எனக்கு அதுதான் புரியவில்லை. போனால்தானே இவ்வளவும்? அவள் அப்பா போனை உடைத்துப் போடுவேன் என்கிறார். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சென்னிமலையான் | செவ்வாய், காலை 6.15

அம்மா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. பொதுத்தேர்வு முடியும்வரை போனைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நாம் படித்தபோது போனா இருந்தது? ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகத்தில் கணக்கு வைக்கக் கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் சட்டமே அமலுக்கு வந்துவிட்டது. ஒரு நாடே செய்கிறது, ஒரு வீடு செய்யக் கூடாதா?

---

மழைக்கால் | செவ்வாய், காலை 9.02

அக்கா, நான் திருச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்பதாவதில் எனக்கும் இதே மாதிரி நடந்தது. என் அம்மா அன்றைக்கே போனை வாங்கிவிட்டார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், அவர்மேல் கோபமே இல்லை. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அந்தப் பேஜ் அப்படியே இருந்தது. என்னைத் தவிர எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியாது. திட்டினால்கூட வலி ஒரு அளவோடு நிற்கும். என்ன திட்டுகிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பது தாங்க முடியாதது.

இன்னொன்று. எனக்கு ஆறுதல் சொன்ன ஒரே தோழியும் அந்தப் போனுக்குள்தான் இருந்தாள். வேறு பள்ளி, இரவு எட்டு மணிக்கு மேல்தான் பேசுவாள். போன் போனதும் அவளும் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எது நடந்தாலும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தண்டனை எனக்குத்தானே? உங்கள் மகள் இருட்டிலாவது சொல்லிவிட்டாள். தயவுசெய்து இன்றைக்கே, அவள் அப்பா வாயாலேயே, 'போனை வாங்க மாட்டோம்' என்று சொல்லச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சென்னிமலை அண்ணா, நீங்கள் சொன்ன ஆஸ்திரேலியச் சட்டத்தில் வாட்ஸ்அப் வரவில்லை. அந்த ஸ்டிக்கர் சுற்றுவது வாட்ஸ்அப்பில்.

---

பொருநை டீச்சர் | செவ்வாய், மாலை 5.30

மழைக்கால் எழுதியதை என் பள்ளிப் பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும் போல இருக்கிறது.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஒரு கேள்வி, தவறாக நினைக்காதீர்கள். அந்த 47 கமெண்ட்டில் நிறம் மட்டும்தான் இருக்கிறதா, அல்லது தெரு, ஊர், சாதி ஏதாவது மறைமுகமாக வருகிறதா? எங்கள் பக்கத்தில் கிண்டல் என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு பிள்ளையை வெட்டினார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்து 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். இப்போது கயிற்றின் வேலையை ஸ்டேட்டஸும் ரீல்ஸும் செய்கின்றன. சாதி இருந்தால் அதைக் கிண்டல் கணக்கில் சேர்க்காதீர்கள், சட்டமே வேறு.

அப்படி இல்லையென்றால், பள்ளிக்குப் போங்கள். ஆனால் எல்லாருக்கும் முன்னால் ஹெச்.எம். அறையில் நின்று சத்தம் போடாதீர்கள். முக்கியமாக, அசெம்பிளியில் 'ஒரு மாணவியைப் பற்றி யாரோ…' என்று பொதுவாகப் பேச வைக்காதீர்கள். பேசி முடிப்பதற்குள் அறுநூறு பேரும் உங்கள் மகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். வகுப்பு மிஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'கிவா' என்ற திட்டத்தைப் பற்றி ஒரு பயிற்சியில் கேட்டேன். கேலி செய்பவனைவிடச் சுற்றி நின்று சிரிப்பவர்கள்மேல்தான் அதில் கவனம். அதில் ஓர் அம்சம் எனக்குப் பிடித்துப் போனது: வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த, நல்ல மனசுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியாக அழைத்து, 'இவளுக்கு இப்போது கஷ்டம். நீங்கள் என்ன செய்யலாம்?' என்று அவர்களிடமே கேட்பது. இதைச் செய் என்று கட்டளை இல்லை. நான் நாலைந்து முறை செய்திருக்கிறேன். ஒருத்தி சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்காருவாள். இன்னொருத்தன் குரூப்பில் 'டேய், போதும்டா' என்று போடுவான். ஒரு 'போதும்டா' விழுந்த பிறகு அடுத்த சிரிப்பு வர யோசிக்கும். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேருக்கு இதில் சந்தோஷமே இல்லை. அடுத்த முகம் தன்னுடையதாகிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் சிரிக்கிறார்கள். அந்தப் பயத்தை நாம் பார்க்க வேண்டும்.

---

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 10.50

எல்லாருக்கும் நன்றி. மழைக்கால் பாப்பா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே போய் மகளிடம், 'போன் உன்கிட்டயே இருக்கட்டும் சாமி' என்றார். அதன் பிறகுதான் அவள் முழுதாகக் காட்டினாள். சாதி எதுவும் இல்லை டீச்சர், நிறமும் உடம்பும்தான். நேரில் கேட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ, அவ்வளவு கேவலம்.

ஸ்டிக்கரை எல்லார் போனிலிருந்தும் அழிக்க வழி உண்டா? போலீஸுக்குப் போகலாமா? அந்தப் பேஜை யார் நடத்துகிறார்கள் என்று அவளுக்கு ஒரு பையன்மேல் சந்தேகம்.

---

கோவை வக்கீல் | புதன், காலை 7.45

முதலில் ஆதாரம், பிறகு ரிப்போர்ட். பலர் ஆத்திரத்தில் முதலில் ரிப்போர்ட் செய்துவிடுகிறார்கள். பதிவு போய்விடும், காட்ட ஒன்றும் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட்டில் எழுதிய கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். வெறும் வாசகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பேஜின் முகவரியைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் என்றால் அந்தக் குரூப்பின் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வழக்கு என்று வந்தால் மூலப் போனே முக்கியமான சான்று, ஆகவே போனை ரீசெட் செய்துவிடாதீர்கள், உடைக்கவும் விடாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் ஆபாசப் படமோ, அப்படி மார்ஃபிங் செய்த படமோ இருந்தால் நகலெடுக்காதீர்கள், ஆதாரம் என்று சொந்தக்காரருக்குக்கூட அனுப்பாதீர்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம், போக்சோவும் வரும். போனை அப்படியே காவல் நிலையத்தில் காட்டுங்கள். உங்கள் விஷயத்தில் அது இல்லை என்பது ஆறுதல்.

புகாருக்கு 1930 என்று எல்லாரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் பண மோசடிக்கு உடனே அழைக்க வேண்டிய எண். உங்களுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம்தான் பொருந்தும். அதில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. ஆபத்து, மிரட்டல் என்றால் 1098, குழந்தைகள் உதவி எண், எந்த நேரமும். புகாரில் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு (இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவது பற்றியது) என்று எழுதாதீர்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது. இன்னமும் பலர் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்தப் பையனும் பதினைந்து வயதுதான் இருப்பான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இந்த அளவுக் குற்றத்துக்குப் பொதுவாகச் சிறுவன்மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நல அலுவலர் என்று ஒரு காவலர் இருப்பார், அவரைக் கேளுங்கள். யூனிஃபார்ம் இல்லாமல் பேசுவார். என் அனுபவத்தில் பள்ளி வழியாகத் தீர்வதுதான் உங்கள் மகளுக்கு நல்லது. காவல் நிலையம் அடுத்த படி. ஆனால் அந்தப் படி இருக்கிறது என்று பள்ளிக்குத் தெரியட்டும்.

---

சேலத்து சர்வர் | புதன், மதியம் 1.10

ஸ்டிக்கர் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன் அக்கா. ஒருவர் ஃபேவரைட்டில் சேமித்துவிட்டால் அதை நம்மால் அழிக்க முடியாது. இதை மகளிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள். 'எல்லாத்தையும் அழிச்சிடலாம்' என்று வாக்குக் கொடுத்து, அடுத்த வாரம் அது மறுபடி வந்தால் உங்கள்மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

செய்யக்கூடியது: வாட்ஸ்அப் பிரைவசியில் 'குரூப்ஸ்' என்று ஒன்று இருக்கும். யார் நம்மைக் குரூப்பில் சேர்க்கலாம் என்பதைக் காண்டாக்டில் இருப்பவர்கள், அதிலும் சிலரைத் தவிர்த்து, என்று மாற்றலாம். புதிது புதிதாகக் குரூப் தொடங்கி இழுத்துப் போடுவது நிற்கும். இன்ஸ்டாகிராமில் பிளாக் செய்வதற்கு முன் 'ரெஸ்ட்ரிக்ட்' பாருங்கள். பிளாக் செய்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும், மறுநாள் வகுப்பில் அதுவே புதுக் கேலி. ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவன் போடும் கமெண்ட் அவனுக்கு மட்டும் தெரியும், அவள் அனுமதித்தால் தவிர. காற்றில் கத்திக்கொண்டிருப்பான். அந்தரங்கப் படம் என்று யாராவது மிரட்டினால் (மற்ற பெற்றோருக்காகவும் சொல்கிறேன், பையன்களும் மாட்டுகிறார்கள்) 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது, பதினெட்டு வயதுக்குள் எடுத்த படங்களுக்கு. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஓர் எண் மட்டும் போகும். அதை வைத்து, சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

அநாமதேயமாகக் கேள்வி கேட்கும் செயலி எதையாவது மகள் வைத்திருந்தால் பாருங்கள். அமெரிக்காவில் 'என்ஜிஎல்' என்ற செயலிமேல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் நடவடிக்கை எடுத்தது. கூடப் படிக்கும் பிள்ளைகள் அனுப்பியது போல நிறுவனமே பொய்ச் செய்திகளை அனுப்பியது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 50 லட்சம் டாலர் கட்டவும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தருவதை நிறுத்தவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 'நீ செஞ்சது எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி வந்தால் ஒரு பிள்ளை இரவு முழுக்க வகுப்பில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கும். அதை எழுதியது எந்த முகமும் இல்லை என்றால்?

---

சென்னிமலையான் | புதன், இரவு 9.20

போன் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். மழைக்கால் பாப்பா சொன்னது நெஞ்சில் நிற்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் தலையணைக்கு அடியில் போன் என்பதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் வீட்டில் பத்து மணிக்கு எல்லாருடைய போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கும். என்னுடையதும்தான்.

அந்தப் பையன் வீட்டுக்கு இரண்டு பெரியவர்களோடு நேரில் போய்ப் பேசினால் என்ன? எங்கள் ஊரில் அப்படித்தான் தீர்ப்போம்.

---

பொருநை டீச்சர் | புதன், இரவு 9.55

வேண்டாம் சார். சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது. அவன் இல்லையென்றால் இன்னொரு பிள்ளைக்கு நாம் அதையே செய்தவர்கள் ஆவோம். அவன்தான் என்றால், அவன் அப்பா அன்றிரவே பெல்ட்டை எடுப்பார். மறுநாள் அவன் அந்த அடியை யாரிடம் திருப்பிக் கொடுப்பான்? பள்ளியில் வைத்து, வகுப்பு மிஸ் முன்னால், இரு வீட்டாரையும் தனித்தனியாக அழைப்பதுதான் சரி. ஹால் சார்ஜர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

---

கிள்ளான் அண்ணி | வியாழன், காலை 8.00

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 2024 ஜூலையில் இங்கே டிக்டாக்கில் அறியப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் இணையத் துன்புறுத்தல் தாங்காமல் இறந்துபோனார். காவல் துறையில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் ஒருவருக்கு விதித்த அபராதம் 100 ரிங்கிட். நூறு ரிங்கிட்! குடும்பத்தோடு ஒருவேளை வெளியில் சாப்பிட்டால் போய்விடும். அந்தக் கோபம் அடங்கவில்லை. தண்டனைச் சட்டத்தில் துன்புறுத்தலுக்கு எதிராக 507பி முதல் 507ஜி வரை புதுப் பிரிவுகள் சேர்ந்து 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. நாங்கள் தாமதமாகத்தான் விழித்தோம். அவர் பெரியவர், சம்பாதித்தவர், தைரியசாலி. அவருக்கே அப்படி என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை எவ்வளவு தாங்கும்? 'கண்டுக்காதே' என்ற சொல்லை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தங்கச்சி.

---

பெயர் வேண்டாம் | வியாழன், இரவு 11.58

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதத் தயக்கம். நான் எதிர்ப்பக்கத்துத் தகப்பன். போன வருடம் இதே மாதிரி ஒரு பேஜை நடத்தியது என் மகன்.

பள்ளியில் அழைத்துக் காட்டியபோது நான் முதலில் சொன்ன வார்த்தை, 'என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை.' இன்றைக்கும் அது நினைவுக்கு வந்தால் கூசுகிறது. வீட்டுக்கு வந்து அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அவன் எழுதியதை எல்லாம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவன் அம்மா எதிரில். மூன்றாவது வரியில் அவன் குரல் நின்றுவிட்டது. 'எல்லாரும் லைக் போட்டாங்கப்பா' என்றான். அந்தப் பெண்ணின் முகம் அவனுக்கு நினைவிலேயே இல்லை, எண்ணிக்கைதான் இருந்தது. வகுப்பில் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள் என்பதும், அந்தப் பேஜ் தொடங்கிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை.

பேஜை அவன் கையாலேயே அழிக்க வைத்தோம், பள்ளி ஆதாரம் எடுத்துக்கொண்ட பிறகு. நேரில் மன்னிப்புக் கேட்க அழைத்துவரலாமா என்று வகுப்பு ஆசிரியர் வழியாக அந்தப் பெண்ணைக் கேட்டோம். வேண்டாம் என்றது. அது அந்தப் பிள்ளையின் உரிமை. கடிதம் எழுதிக் கொடுத்தான். பிரித்தார்களா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அம்மா, உங்கள் பள்ளியிலும் அந்தப் பையனை உங்கள் மகள் முன்னால் நிறுத்தி 'சாரி சொல்லு' என்று உடனே சொல்வார்கள். அவள் விரும்பாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

---

மனநலச் செவிலி | வெள்ளி, காலை 6.40

பெயர் வேண்டாம் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி.

நொய்யல்கரை அக்கா, டப்பா திரும்பி வருவதைக் கவனித்தீர்கள் பாருங்கள், அதுதான் முதல் மணி. தூக்கம் எப்படி? பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுகிறாளா? 'நான் இல்லாட்டி நல்லது' என்ற மாதிரிப் பேச்சு உண்டா? சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: 'செத்துடலாம்னு தோணுதா கண்ணு?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று பிள்ளைக்கு மூச்சு வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம். பன்னிரண்டு கமெண்ட்டுக்கு மேல் படிக்க முடியாத அம்மாவுக்கும் துணை வேண்டும்.

---

நொய்யல்கரை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஷிப்மெண்ட் நேரம்.

செவிலித் தங்கை சொன்னபடி அன்றிரவே கேட்டேன். கை நடுங்கியது. 'அப்படி இல்லம்மா, ஸ்கூலே இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு தோணும்' என்றாள். இரண்டு பேரும் அழுதோம். 14416க்கு அவளே பேசினாள், நான் அறைக்கு வெளியே இருந்தேன். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

வக்கீல் சார் சொன்ன மாதிரி ஆதாரம் எடுத்து, எழுதி, வகுப்பு மிஸ்ஸைத் தனியாகப் பார்த்தேன். டீச்சர் எழுதிய மூன்று பிள்ளைகள் யோசனையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மிஸ் உடனே மூன்று பெயர் சொன்னார். பேஜ் நாலாவது நாள் போய்விட்டது. நடத்தியது அவள் சந்தேகப்பட்ட பையன் இல்லை. அன்றைக்குச் சென்னிமலை அண்ணன் பேச்சைக் கேட்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஸ்டிக்கர் இன்னும் அங்கங்கே வருகிறது. போன செவ்வாய் ஒருவன் போட்டதற்கு, 'பழசுடா, வேற போடு' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். மகள் அதை எனக்குக் காட்டினாள். சிரித்தாளா என்றால் இல்லை, ஆனால் காட்டினாள். பாட்டு வகுப்புக்கு இன்னும் போகவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

டப்பா காலியாக வருகிறது. பக்கத்தில் உட்காரும் பிள்ளை பாதியைச் சாப்பிட்டுவிடுகிறாளாம். நாளைக்குப் புளிசாதம் கூடுதலாக வேண்டும் என்று உத்தரவு. ஊற வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.